பழையதை அழிக்காத வரிசை: ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு பாடப்புத்தகமான கதை

1990-களின் தொடக்கத்தில் ஃபங்ஷனல் மொழி ஒன்றில் புரோகிராம் எழுத உட்கார்ந்தவருக்கு, மிகச் சாதாரணமான ஒரு தேவை வந்தாலே தலைவலிதான். உதாரணத்துக்கு ஒரு க்யூ வேண்டும். பின்னால் ஆள் சேர வேண்டும், முன்னால் ஆள் வெளியேற வேண்டும், அவ்வளவுதான். அல்காரிதம் பாடப்புத்தகத்தைத் திறந்தால் அதில் இருக்கும் எல்லாமே சி, பாஸ்கல் போன்ற மொழிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 'இந்த பாயின்டரை அங்கே திருப்பு, இந்த இடத்தில் இருந்ததை அழித்து இதை எழுது' என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். (பாயின்டர் என்பது நினைவகத்தில் இன்னொரு இடத்தைச் சுட்டும் குறி.) ஃபங்ஷனல் மொழியிலோ ஒருமுறை உருவான மதிப்பு மாறாது. அழித்து எழுதுவது என்ற செயலே அங்கே கிடையாது. ஆகவே புத்தகத்தில் உள்ளதை அப்படியே எடுத்துப் போட முடியாது. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த வரையில் எதையோ கட்டிக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

இந்தக் குறையை முனைவர் பட்ட ஆய்வுக்கான கேள்வியாக எடுத்துக்கொண்டவர் கிறிஸ் ஒகசாகி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் மாணவர். வழிகாட்டி பீட்டர் லீ. ஆய்வேடு 1996 செப்டம்பரில் வந்தது. 1998-இல் 'ப்யூர்லி ஃபங்ஷனல் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்' என்ற அதே பெயரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதைப் புத்தகமாக வெளியிட்டது. டேட்டா ஸ்ட்ரக்சர் என்றால் க்யூவைப் போல, தரவுகளை அடுக்கி வைக்கும் முறை. பெரும்பாலான ஆய்வேடுகள் நூலக அலமாரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இது வகுப்பறைக்குப் போனது, இன்றும் அங்கேயே இருக்கிறது. ஒரு விஷயத்தைக் கண்டுபிடிப்பதும் அதைப் பிறருக்குப் புரியும்படி சொல்லிக் கொடுப்பதும் இந்த மனிதரிடம் ஒரே வேலையாக நடந்தன என்பது என் எண்ணம். அதைக் காட்ட அந்த க்யூவிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு லிஸ்ட், ஒரு ஓட்டை

ஃபங்ஷனல் மொழியில் கையோடு கிடைப்பது லிஸ்ட். அதன் தலையில் ஒன்றைச் சேர்ப்பதும் தலையிலிருந்து ஒன்றை எடுப்பதும் மலிவு. வாலில் சேர்க்கத்தான் முழு லிஸ்டையும் நகலெடுக்க வேண்டும். இதற்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. க்யூவை இரண்டு லிஸ்டாக வைத்துக்கொள்வது. முன்பாதி நேராக இருக்கும், பின்பாதி தலைகீழாக இருக்கும். புதிதாக வருபவர் பின்பாதியின் தலையில் சேர்வார். வெளியேறுபவர் முன்பாதியின் தலையிலிருந்து போவார். முன்பாதி தீர்ந்ததும் பின்பாதியை மொத்தமாகத் திருப்பி முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

திருப்புவது செலவான வேலைதான். பின்பாதியில் 100 பேர் இருந்தால் 100 படி. ஆனால் அது எப்போதாவதுதான் நடக்கிறது. ஒவ்வொருவரும் க்யூவில் சேரும்போது ஒரு காசு கூடுதலாக உண்டியலில் போட்டுவிட்டால், திருப்பும் நாளில் அந்த 100 காசே செலவை ஈடுகட்டிவிடும். ஆகவே சராசரியாக ஒவ்வொரு செயலுக்கும் மாறாத சிறு செலவுதான். இப்படிச் செலவைப் பல செயல்களின் மேல் பரப்பிக் கணக்கிடும் முறைக்கு 'அமார்ட்டைஸ்டு' கணக்கு என்று பெயர். 1985-இல் ராபர்ட் டார்ஜன் அதை முறையாக வகுத்து எழுதினார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஓட்டை எங்கே இருக்கிறது என்றால், ஃபங்ஷனல் மொழியில் பழைய க்யூ அழிவதில்லை. முன்பாதியில் ஒரே ஒருவர், பின்பாதியில் 100 பேர் இருக்கும் நிலையில் அந்த க்யூவை ஒரு பெயரிட்டு வைத்துக்கொள்கிறேன். அதிலிருந்து ஒருவரை வெளியே அனுப்புகிறேன். 100 படி செலவாகிறது, உண்டியல் காலி. பிறகு அதே பழைய க்யூவை மறுபடி எடுத்து மறுபடி ஒருவரை அனுப்புகிறேன். மறுபடி 100 படி. இப்படி 100 முறை செய்தால் 10,000 படி. உண்டியலில் விழுந்ததோ மொத்தமே 100 காசு. ஒரே காசை நூறு பேர் செலவழிக்கப் பார்க்கிறார்கள்.

இதை யாரோ வேண்டுமென்றே சோடித்த உதாரணம் என்று நினைக்க வேண்டாம். ஒரு புதிருக்கு விடை தேடும் புரோகிராம் ஒரு பாதையில் போய் முட்டிக்கொண்டு, பழைய நிலைக்குத் திரும்பி வேறு பாதையில் போகும்போது இதைத்தான் செய்கிறது. எடிட்டரில் 'அன்டூ' அழுத்துவதும் பழைய வடிவத்துக்குப் போவதுதான். பழைய வடிவம் அப்படியே கையில் இருக்கும் இந்தத் தன்மையைப் 'பெர்சிஸ்டென்ஸ்' என்பார்கள். ஃபங்ஷனல் மொழிகள் அதைத் தங்கள் பெரிய பலமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் அதே பலம்தான் சராசரிக் கணக்கைக் கவிழ்த்தது. அமார்ட்டைஸ்டு கணக்கும் பெர்சிஸ்டென்ஸும் ஒத்துப்போகாது என்பதே அப்போது பரவலாக இருந்த நம்பிக்கை.

ஒகசாகியின் ஆய்வேட்டை மதிப்பிட்ட குழுவில் யார் இருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பீட்டர் லீயோடு ராபர்ட் ஹார்ப்பர், டேனியல் ஸ்லீட்டர், பிரின்ஸ்டனிலிருந்து டார்ஜன். ஸ்லீட்டரும் டார்ஜனும் சேர்ந்து 1985-இல் வெளியிட்ட ஸ்ப்ளே மரங்கள்தான் அமார்ட்டைஸ்டு கணக்குக்கு மிகப் புகழ்பெற்ற உதாரணம். பாயின்டர் வைத்துக் கட்டிய டேட்டா ஸ்ட்ரக்சர்களில் பழைய வடிவங்களை எப்படிக் காப்பது என்ற 1989-ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் இருவர் பெயரும் உண்டு. கணக்கு முறையை உருவாக்கியவர் முன்னிலையிலேயே, அது எங்கே உடைகிறது, எப்படி ஒட்டலாம் என்று ஒரு மாணவர் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

சேமிப்பை விட்டுக் கடனுக்கு

ஒகசாகியின் விடை எனக்கு எப்போது படித்தாலும் சிலிர்ப்பைத் தருவது. சேமிப்பைக் கடனாக மாற்றினார்.

முன்கூட்டியே சேர்த்த காசை இரண்டு பேர் செலவழித்தால் கணக்கு பொய்யாகிவிடும். ஆனால் ஒரே கடனை இரண்டு பேர் தனித்தனியாக அடைத்தால் யாருக்கு என்ன நட்டம்? கடன் தீர்ந்தது தீர்ந்ததுதான், கூடுதலாகக் கட்டியது மிச்சம். ஆகவே வேலையைச் செய்வதற்கு முன் காசு சேர்க்காமல், 'இந்த வேலையைப் பிறகு செய்கிறேன்' என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, அதன் விலையைத் தவணையாக அடைக்க வேண்டும். முழுத் தவணையும் அடைபடும் முன் சீட்டைப் பிரிக்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி.

'பிறகு செய்கிறேன்' என்ற சீட்டு மொழியிலேயே இருந்தது. அதுதான் லேசி இவாலுவேஷன்: ஒரு கணக்கை உடனே போடாமல் ஒத்திவைத்து, விடை தேவைப்படும்போது மட்டும் போடுவது. இதில் இன்னொரு பாதியும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுவார்கள். ஒருமுறை போட்ட விடை அதே இடத்தில் நினைவில் வைக்கப்படும். அடுத்து யார் கேட்டாலும் அதே விடை, செலவு இல்லாமல். இந்த நினைவு இல்லாவிட்டால் ஒகசாகியின் கணக்கு நிற்காது.

இப்போது க்யூவைத் திருத்தலாம். பின்பாதி ஒருபோதும் முன்பாதியைவிட நீளமாக இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 100, பின்னால் 100 பேர். ஒருவர் வெளியேறியதும் முன்னால் 99. பின்பாதி நீளமாகிவிட்டது. உடனே 'முன்பாதியின் 99 பேருக்குப் பிறகு, திருப்பிய பின்பாதி' என்று ஒரு புதிய முன்பாதியை எழுதுகிறோம். ஆனால் திருப்பும் வேலையைச் செய்யவில்லை, சீட்டாக மட்டும் வைக்கிறோம். அந்தச் சீட்டை யாராவது பிரிக்க வேண்டுமென்றால் முன்னால் நிற்கும் 99 பேர் வெளியேறியிருக்க வேண்டும். ஒவ்வொருவர் போகும்போதும் ஒரு சிறு தவணை. சீட்டைப் பிரிக்கும் நேரம் வருவதற்குள் கடன் அடைந்துவிடுகிறது.

பழைய வடிவத்தை வைத்துக்கொண்டு வம்பு செய்பவர் இப்போது என்ன செய்ய முடியும்? சீட்டு எழுதப்படுவதற்கு முந்தைய வடிவத்திலிருந்து நூறு கிளை பிரித்தால், நூறு கிளையிலும் தனித்தனிச் சீட்டு உருவாகும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கிளையும் தன் சீட்டைப் பிரிக்கத் தனியாக 99 பேரை வெளியே அனுப்பியாக வேண்டும். அவரவர் தவணையை அவரவரே கட்டுகிறார்கள். சரி, சீட்டைப் பிரிக்கப்போகும் கடைசித் தருணத்து வடிவத்தை எடுத்து நூறு கிளை பிரித்தால்? அப்போது எல்லாக் கிளைகளும் பார்ப்பது ஒரே சீட்டை. முதலில் பிரித்தவர் போட்ட விடை மற்ற 99 பேருக்கும் இலவசம். எந்தப் பக்கம் போனாலும் கணக்கு உடைவதில்லை.

இதன் மேல் அடுத்த மாடியையும் கட்டினார். சராசரி போதாது, ஒவ்வொரு செயலும் உடனடியாக முடிய வேண்டும் என்றால், ஒத்திவைத்த வேலையை ஒவ்வொரு செயலின் போதும் ஒரு படி மட்டும் செய்து நகர்த்திக்கொண்டே போகலாம். கார்னெலில் ராபர்ட் ஹூட், ராபர்ட் மெல்வில் இருவரும் 1981-இலேயே இந்த வேகத்தில் ஒரு க்யூவைக் கட்டியிருந்தார்கள். அது வேலை செய்தது, ஆனால் திருப்பும் வேலையைத் துண்டு துண்டாக்கி, எந்தத் துண்டு எங்கே நிற்கிறது என்று புரோகிராமே குறித்துவைத்துக்கொண்டு ஓட வேண்டும். ஒகசாகியின் வடிவம் சில வரிகளுக்குள் முடிந்துவிடும். ஒத்திவைத்த வேலை எங்கே நிற்கிறது என்பதை மொழியே பார்த்துக்கொள்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்த மாணவருக்கு லேசி இவாலுவேஷன் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

எந்த மொழியில் எழுதுவது

லேசி இவாலுவேஷனைப் பற்றிய ஆய்வு என்றால் ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியில்தானே எழுத வேண்டும் என்று தோன்றும். அங்கே எல்லாமே ஒத்திவைக்கப்படும். ஒகசாகியோ ஸ்டாண்டர்ட் எம்எல் என்ற இன்னொரு ஃபங்ஷனல் மொழியைத் தேர்ந்தெடுத்தார். அது எல்லாவற்றையும் உடனே கணக்கிடும் மொழி. அதில் ஒத்திவைப்பதைக் காட்ட ஒரு டாலர் குறியைத் தானே சேர்த்துக்கொண்டார்.

இது ஓர் ஆசிரியரின் முடிவு. எல்லாமே லேசியாக இருக்கும் மொழியில், எந்த இடத்தில் ஒத்திவைப்பதால் கணக்கு நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. எதுவுமே லேசியாக இல்லாத மொழியில் ஒரே ஒரு டாலர் குறி இருந்தால், 'இங்கே ஏன்?' என்று வாசகர் கேட்டே தீருவார். அந்தக் கேள்விதான் பாடம். ஹாஸ்கெல்காரர்களுக்காகப் புத்தகத்தின் பின்னிணைப்பில் அந்த மொழியிலும் நிரல்கள் உண்டு.

நான்கு சிக்கல், ஒரே தீர்வு

க்யூவைவிட அதிகம் பேரிடம் போய்ச் சேர்ந்தது சிவப்பு-கறுப்பு மரம். 1978-இல் லியோ கைபாஸும் ராபர்ட் செட்ஜ்விக்கும் அதை இந்தப் பெயரில் வகுத்தார்கள். தேடும் மரத்தில் ஒவ்வொரு மதிப்பும் ஒரு கணுவில் இருக்கும், அதைவிடச் சிறியவை இடப்பக்கம், பெரியவை வலப்பக்கம். இங்கே ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு நிறம். சிவப்புக்குக் கீழே சிவப்பு வரக் கூடாது. வேரிலிருந்து எந்த வழியாகக் கீழே இறங்கினாலும் கறுப்புக் கணுக்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்க வேண்டும். இந்த இரண்டு விதியும் இருந்தால் மரம் ஒருபக்கமாகச் சாயாது. 10 லட்சம் கணு உள்ள மரத்தின் உயரம்கூட 40-ஐத் தாண்டாது. ஒன்றைச் சேர்க்கும்போது வேரிலிருந்து அந்த இடம் வரை உள்ள பாதையை மட்டும் நகலெடுத்தால் போதும். மற்ற லட்சக்கணக்கான கணுக்களைப் பழைய மரமும் புதிய மரமும் பகிர்ந்துகொள்ளும்.

ஆனால் சேர்க்கும் நிரலை வழக்கமான பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு அந்த வேதனை நினைவிருக்கும். இடப்பக்கச் சுழற்சி, வலப்பக்கச் சுழற்சி, 'மாமா' கணு சிவப்பா கறுப்பா, அதன் கண்ணாடிப் பிம்பம். தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோகும் பாடம்.

ஒகசாகி என்ன பார்த்தார் என்றால், புதிய கணு சிவப்பாக நுழைகிறது, அதனால் கெடக்கூடிய விதி ஒன்றே ஒன்று: சிவப்புக்குக் கீழே சிவப்பு. அதற்கு மேலே ஒரு கறுப்புத் தாத்தா இருப்பார். தாத்தாவின் இடப்பக்கமா வலப்பக்கமா, அப்பாவின் இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்தால் மொத்தம் நான்கே வடிவம். நான்கிலும் இருப்பவை மூன்று மதிப்புகளும் நான்கு கிளைகளும். சிறியது, நடுவானது, பெரியது என்று அவற்றை வரிசைப்படுத்தி, நடுவானதைச் சிவப்பாக மேலே வைத்து, சிறியதையும் பெரியதையும் கறுப்பாக இரண்டு பக்கமும் வைத்து, நான்கு கிளைகளையும் இடமிருந்து வலமாகத் தொங்கவிட்டால் முடிந்தது. நான்கு சிக்கலுக்கும் விடை எழுத்துக்கு எழுத்து ஒன்றே. கடைசியில் வேருக்குக் கறுப்பு அடிக்க வேண்டும், அவ்வளவுதான். 1999-இல் வந்த அவருடைய கட்டுரை சில பக்கங்கள்தான்.

அப்படியானால் பழைய புத்தகங்கள் ஏன் இதைச் சிக்கலாக்கின? அவற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்பாவுக்கு உடன்பிறந்த கணுவின் நிறத்தைப் பார்த்து நான்கை எட்டாகப் பிரித்தால், மாற்றி எழுத வேண்டிய பாயின்டர்கள் குறையும், சில இடங்களில் சீக்கிரமே வேலையை நிறுத்திவிடலாம். அழித்து எழுதும் மொழியில் அது லாபம். ஃபங்ஷனல் மொழியில் எப்படியும் பாதையை நகலெடுக்கத்தான் போகிறோம், ஆகவே அந்தப் பிரிப்பால் கிடைப்பது எதுவும் இல்லை. இந்த விளக்கத்தையும் ஒகசாகி சேர்த்தே சொல்கிறார். எதிர்த்தரப்பின் காரணத்தையும் சொல்லிவிட்டுத் தன் வழியைக் காட்டுவதால்தான் அவரிடம் படிப்பவர் வெறும் தந்திரத்தோடு போவதில்லை.

ஒரு குறையும் உண்டு. சேர்ப்பது இவ்வளவு அழகாக வந்ததே தவிர, நீக்குவது புத்தகத்தில் இல்லை. அது அவ்வளவு எளிதாக மடங்கவில்லை. 2001-இல் ஸ்டெஃபான் கார்ஸ் ஒரு வழி தந்தார். 2014-இல் கிம்பல் ஜெர்மேனும் மேத்யூ மைட்டும் 'இரட்டைக் கறுப்பு' என்ற தற்காலிக நிறத்தை வைத்து இன்னொரு வழி எழுதினார்கள். அந்தக் கட்டுரைத் தலைப்பிலேயே நீக்குவதைச் சிவப்பு-கறுப்பு மரத்தின் சாபம் என்று அழைத்திருந்தார்கள். ஒகசாகியின் நான்கு வடிவத்தை வகுப்பில் கற்ற ஒரு தலைமுறை, விட்டுப்போன பாதியை அதே பாணியில் எழுத முயன்றதன் பலன் இது.

வெளியே போனவை

ஆய்வேட்டில் இன்னும் எவ்வளவோ உண்டு. எண்களை எழுதும் முறையையே டேட்டா ஸ்ட்ரக்சராகப் பார்க்கும் அத்தியாயத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். 1, 3, 7, 15 என்ற அளவுகளில் மட்டும் மரங்களை வைத்துக்கொண்டு ஒரு லிஸ்டைக் கட்டுகிறார். முன்னால் நிற்கும் இரண்டு மரங்களும் ஒரே அளவு என்றால், புதிதாக வருபவர் அந்த இரண்டுக்கும் தலையாகி ஒரே மரமாக்கிவிடுவார். இல்லையென்றால் தனி மரமாக நிற்பார். ஐந்து பேர் என்றால் 1, 1, 3. ஆறாவது ஆள் வந்ததும் 3, 3. ஏழாவது ஆள் வந்ததும் ஒரே 7. தலையில் சேர்ப்பது லிஸ்ட் போலவே மலிவு, நடுவில் உள்ள எதையும் அரேயைப் போலத் தேடி எடுக்கவும் அதிகம் அலைய வேண்டாம். காகிதத்தில் பத்து நிமிடம் வரைந்து பார்த்தால் யாருக்கும் பிடிபடும்.

புழக்கத்திலும் இந்த ஆய்வின் தடம் இருக்கிறது. 1998-இல் ஆண்டி கில்லோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரைதான் முழு எண்ணைச் சாவியாக வைத்து மதிப்பைத் தேடித் தரும் ஹாஸ்கெலின் 'இன்ட்மேப்' நூலகத்துக்கு அடிப்படை. குளோஜர் மொழியின் பெர்சிஸ்டென்ட் க்யூவைத் திறந்து பார்த்தால், நிரலின் குறிப்பிலேயே ஒகசாகியின் பெயர் இருக்கும். ஆனால் அங்கே பின்பாதிக்கு லிஸ்ட் இல்லை, வெக்டர் இருக்கிறது. வெக்டரை முன்னாலிருந்தே படிக்கலாம் என்பதால் திருப்பும் வேலையே எழவில்லை. ஒகசாகியின் சிக்கலைப் புரிந்துகொண்டவர்கள் அதை வேறு வழியில் தாண்டியிருக்கிறார்கள். எல்லாப் புகழையும் அவருக்கே கொடுப்பதும் சரியில்லை. குளோஜரின் அந்த வெக்டர் ஃபில் பேக்வெல்லின் மரங்களிலிருந்து வந்தது. பழைய வடிவம் தேவைப்படாத இடத்தில் தொடக்கத்தில் சொன்ன ஓட்டை க்யூவே போதும், அதுவே வேகமானது என்பதை ஒகசாகியும் சொல்லத் தயங்கவில்லை.

வகுப்பறைக்குத் திரும்பியவர்

பிற்பாடு அவர் வெஸ்ட் பாயின்டில் உள்ள அமெரிக்க ராணுவ அகாடமியில் ஆசிரியரானார். எதிரே இருந்தவர்கள் ஆய்வு மாணவர்கள் இல்லை, இளநிலைப் பட்டத்துக்குப் படிக்கும் ராணுவ கேடட்கள். 2005-இல் கணினிக் கல்வி மாநாடு ஒன்றில் ஒரு கட்டுரை தந்தார். சிவப்பு-கறுப்பு மரம், 'லெஃப்டிஸ்ட் ஹீப்' (ஹீப் என்பது மிகச் சிறியது எப்போதும் தலையில் நிற்கும் மரம்) என்ற இரண்டு பழைய பாடங்களுக்குப் பதிலாக, சராசரி மாணவருக்கு எளிதாகப் பிடிபடக்கூடிய இரண்டு மாற்று வடிவங்கள் அதன் பொருள். தான் புகழ்பெறக் காரணமான மரத்துக்கே மாற்றுத் தேடியவர் என்ற வகையில் எனக்கு அவர்மேல் தனி மதிப்பு உண்டு.

அதில் ஹீப்புக்கு அவர் தந்த மாற்றின் பெயர் 'மேக்சிஃபோபிக்'. பெரியதைக் கண்டு ஒதுங்குவது என்று பொருள் கொள்ளலாம். இரண்டு ஹீப்களைச் சேர்க்க வேண்டும். இரண்டின் தலைகளில் எது சிறியதோ அதுவே புதிய தலை. இப்போது கையில் மூன்று மரங்கள் மிஞ்சுகின்றன: வென்ற தலையின் இரண்டு கிளைகள், தோற்ற ஹீப் முழுதும். ஆனால் தலைக்குக் கீழே இடம் இரண்டுதான். ஆகவே இரண்டை ஒன்றாக்கியே தீர வேண்டும். எந்த இரண்டை? மாணவரைக் கேட்டால், அவரே கொஞ்சம் யோசித்து, பெரியதைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டு மற்ற இரண்டையும் சேர்க்கலாம் என்று சொல்லிவிடுவார். மூன்றில் பெரியது, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கும். ஆகவே அடுத்த சுற்றுக்குப் போவது அதிகபட்சம் மூன்றில் இரண்டு பங்குதான். அதற்கடுத்த சுற்றில் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு. இப்படியே வேகமாகச் சுருங்கிக்கொண்டு போகும், இரண்டில் ஒன்று காலியாகும் வரை.